சகாயசெல்வி கொடுத்த கால் மணி நேரம்

சகாயசெல்விக்கு ஓரிடத்தில் உட்கார வராது. திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் அவள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வந்தவர் நாற்காலியில் இருப்பார். இவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே நலம் விசாரிப்பாள். ஞாயிறு பூசையில் பிரசங்கம் நீண்டுவிட்டால் எழுந்துபோய்க் கடைசித் தூணோரம் நின்றுகொள்வாள். "என்னம்மா, என் பிரசங்கம் பிடிக்கலையா?" என்று பங்குச்சாமியார் ஒருமுறை கேட்டேவிட்டார். "ஐயோ, அதில்ல சாமி. காலு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றாள்.

அந்தக் கால்கள் மில்லில் பழகியவை. கரூர் ரோட்டில் வேடசந்தூருக்குப் போகிற வழியில் உள்ள ஒரு நூல் மில்லில், ஸ்பின்னிங் பிரிவில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு வேலை. அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு ரயில் பெட்டி நீளம். இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக, நூல் சுற்றும் கதிர்கள் சுழலும். எந்தக் கதிரில் இழை அறுகிறதோ அங்கே ஓடவேண்டும். முழங்காலால் தடையை அழுத்திக் கதிரை நிறுத்தி, அறுந்த நுனியைத் தேடியெடுத்து, மேலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு ஒட்டிவிட வேண்டும். ஒட்டி நிமிர்வதற்குள் நாலடி தள்ளி இன்னொன்று அறுந்து தொங்கும். ஷிப்ட் முடிகிறவரை இதே நடைதான். சாப்பாட்டுக்கு முறைவைத்து விடுவார்கள். மற்றபடி அவசரத்துக்கு ஒதுங்கப் போவதென்றாலும் பக்கத்து ஃபிரேம்காரியைக் கெஞ்ச வேண்டும். அவளும் தன் ஃபிரேமை விட்டுவிட்டு எவ்வளவு நேரம்தான் இரண்டு பக்கம் ஓடுவாள்?

இந்த ஓட்டத்தில்தான் செல்வியின் நாற்பத்தைந்து வயதில் பாதிக்கு மேல் கழிந்திருந்தது. மகள் வினோலியா திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். புருஷன் ராயப்பராஜ் வாடகைக்கு லோடு ஆட்டோ ஓட்டினார். செல்வியின் வலது முழங்கால், கதிரை நிறுத்தி நிறுத்தியே, மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரத்தில்தான் மேஸ்திரி வேலை வந்தது.

ஷிப்ட் சூப்பர்வைசர் உடையப்பன் கூப்பிட்டுச் சொன்னார். "ஏம்மா செல்வி, உன் பேரச் சொல்லியிருக்கேன். ரெண்டு வாரம் என் கூடவே சுத்தி வேலையப் பாத்துக்க. அப்புறம் பெர்மனன்ட் பண்ணிருவாங்க." குஜிலியம்பாறைக்காரர், வாய் கொஞ்சம் காரம், ஆனால் நெஞ்சில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். வேலை இதுதான்: ஃபிரேம் கிடையாது. வரிசை வரிசையாக நடந்துபோய் யார் அசந்து நிற்கிறார்கள், எந்த ஃபிரேமில் அறுந்த இழைகள் அதிகம் தொங்குகின்றன என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பச்சைக் கோட்டைக் கழற்றிவிட்டு நீலக் கோட்டு மாட்டிக்கொள்ளலாம். முழங்காலுக்கு வேலை இல்லை.

செல்விக்கு அது வேண்டியிருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

ஆனால் நீலக் கோட்டு மாட்டிய முதல் நாளே ஒன்று நடந்தது. மில்லுக்குள் இரைச்சலில் பேச்சு கேட்காது. பஞ்சுத் தூசிக்குப் போட்ட முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பெண்கள் உதடசைவிலும் கை ஜாடையிலுமே மாமியார் கதை, தீபாவளிச் சீட்டு, யார் யாரோடு சண்டை என்று எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். செல்வி அந்தப் பக்கம் திரும்பியதும் உதடுகள் நின்றன. கைகள் இழையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டன. காது கேட்கிற இடத்தில் பேச்சை நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

வேனிலும் அப்படித்தான். தாடிக்கொம்பில் ஏறுகிற ஜீவிதா வழக்கமாக இவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கன்னிவாடியில் அம்மாவிடம் விட்டிருக்கிற தன் பிள்ளையைப் பற்றியே வழி முழுக்கப் பேசுவாள். இப்போது நேராகப் பின்சீட்டுக்குப் போனாள். பழைய சினேகிதி உம்மு சல்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் ராயப்பராஜிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "மேஸ்திரின்னா நாலு பேரு ஏசத்தான் செய்வாங்க. காதுல பஞ்ச வச்சுக்க. மில்லுல அம்புட்டுப் பஞ்சு கெடக்குல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோற்றை வடித்துவிட்டு வெஞ்சனத்துக்கு நறுக்க எடுத்த கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். கொடியில் காயாத துணியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்ப வந்தாள். எதற்குப் போனோம் என்பதே மறந்திருந்தது. கோட்டும் வேண்டும், அந்தப் பேச்சும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று மனசுக்குப் புரிந்தாலும் கால்களுக்குப் புரியவில்லை. அவை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன.

இந்த நிலையில் அவள் பிறந்தநாள் வந்தது.

செல்வி பிறந்தது மாதா பிறந்தநாளுக்கு இரண்டு நாள் கழித்து. சின்ன வயதில் அவள் அம்மா, "மாதாவுக்குச் செஞ்ச பாயாசந்தான் உனக்கும்" என்று ஒரே செலவில் முடித்துவிடுவாள். அதனால் தனக்கென்று ஒரு நாள் இருப்பதாக அவள் நினைத்ததே இல்லை. வினோலியா வளர்ந்த பிறகுதான் கேக், மெழுகுவர்த்தி, செல்போனில் படம் எல்லாம் வந்தன. அந்த வருஷமும் முதல்நாள் சாயங்காலமே மகள் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, பெரிய கேக்கா ஆர்டர் பண்ணவா? மில்லுக்குக் கொண்டு போ. எல்லாருக்கும் குடு. மேஸ்திரி பர்த்டேன்னா சும்மாவா?"

"வேணாம்டி."

"ஏன்மா?"

ஏன் என்று செல்விக்குச் சொல்லத் தெரியவில்லை. மனக்கண்ணில் அந்தக் காட்சி வந்தது. சாப்பாட்டு அறையில் நீலக் கோட்டோடு அவள் கேக்கை நீட்டுகிறாள். ஆளாளுக்கு ஒரு துண்டை எடுத்து, "ஹேப்பி பர்த்டே மேஸ்திரி" என்று மரியாதையாகச் சொல்லி, மரியாதையாக விழுங்கிவிட்டுப் போகிறார்கள்.

அவர்களுக்கு என்னதான் கொடுப்பது? சேலையா, டிபன் பாக்ஸா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே கேக் மாதிரிதான் தோன்றின. விடிகாலை வேனில், தாடிக்கொம்பு தாண்டுகையில், ஃபிரேமில் நின்ற காலத்தில் தனக்கு என்ன வேண்டியிருந்தது என்று யோசித்தாள். பதில் உடனே வந்தது. செத்த நேர ஓய்வு. யாராவது வந்து, "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும் என்றுதான் அத்தனை வருஷமும் அவள் ஆசைப்பட்டிருந்தாள். ஒருவரும் சொன்னதில்லை.

இன்றைக்கு அவளுக்கு ஃபிரேம் இல்லை. கையும் காலும் சும்மா இருந்தன.

ஷிப்ட் தொடங்கி, எல்லாம் ஓட்டத்துக்கு வந்த பிறகு, நேராக உம்மு சல்மாவிடம் போனாள். போகச் சொல்லி ஜாடை காட்டினாள். சல்மா முகம் வெளுத்தது. ஆபீசுக்கா என்று ஜாடையில் கேட்டாள். இல்லை என்று செல்வி தலையாட்டினாள். தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, பிறந்தநாள் என்று உதட்டை அசைத்தாள். சல்மாவுக்குப் புரியவில்லை. செல்வி ஒரு கையைத் தட்டுபோல் வைத்து, மறு கையால் கேக் வெட்டிக் காட்டினாள்.

சல்மா கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. செல்வியின் காதருகே வாயை வைத்துக் கத்தினாள். "சம்பள வெட்டா? நான் என்ன செஞ்சேன் செல்வி?"

செல்விக்குச் சிரிப்பு வந்தது, உடனே போயும்விட்டது. இந்த நீலக் கோட்டைப் பார்த்தால் இவளுக்கே அப்படித்தான் தோன்றுகிறதா? "அடி இவளே, எனக்குப் பிறந்தநாளுடி! கால் மணி நேரம் வெளிய போயிட்டு வா. ஃபிரேம நான் பாத்துக்கிறேன்!" என்று அவளும் கத்தினாள்.

சல்மா நம்பாமல் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஃபிரேமில் கை வைத்ததும் செல்விக்குத் தன்னையறியாமல் ஒரு வேகம் வந்தது. விரல்கள் எதையும் மறக்கவில்லை. நுனி தானாக அகப்பட்டது, இழை தானாக ஒட்டியது. முழங்கால் மட்டும் முதல் அழுத்தத்திலேயே சுரீர் என்றது. கால் மணி நேரத்தில் சல்மா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "வெளிய நல்ல வெயிலு செல்வி. காலையில மூடாக்கா இருந்துச்சுல்ல?" என்று காதில் கத்திவிட்டு, அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் இவள் கோட்டுக் காலரிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். சன்னல் இல்லாத அந்த ஷெட்டுக்குள் வெயிலும் மழையும் ஒன்றுதான்.

அடுத்தது சின்னாளபட்டி ஸ்ரீமதி. அவள் போய்த் தலையைப் பிரித்து வாரிப் பின்னிக்கொண்டு, புதுசாகச் சேர்ந்தவள் மாதிரி வந்து நின்றாள். அவளுக்கு அடுத்த ஃபிரேமில் ஒடிசாப் பெண் ஒருத்தி. அவள் பெயரை மில்லில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அவள் எங்கே போனாள், என்ன செய்தாள் என்று தெரியாது. திரும்பி வந்ததும் செல்வியின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

சேதி ஃபிரேமுக்கு ஃபிரேம் ஜாடையில் ஓடிவிட்டது. தலைகள் நிமிர்ந்து பார்த்தன. நின்றுபோயிருந்த உதடுகள் அசையத் தொடங்கின. செல்விக்கு மனசு பரபரத்தது. அடுத்தவளை அனுப்ப வேண்டும், அதற்கடுத்தவளை அனுப்ப வேண்டும், சாப்பாட்டு முறை தொடங்குவதற்குள் வரிசை முழுவதும் முடிக்க வேண்டும். உடையப்பன் ஆபீசிலிருந்து எப்போது வருவார் என்று கதவையே ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜீவிதாவிடம் வந்தபோது அவள் நகரவில்லை. செல்வி தோளைத் தொட்டாள். ஜீவிதா தட்டிவிட்டாள்.

"போடி, போயிட்டு வா."

ஜீவிதா முகக்கவசத்தை இறக்கிவிட்டு இவள் காதுக்கு வந்தாள். "நாளப்பின்ன நீ எங்கள வெரட்டுறப்ப நாங்க வாயத் தெறக்கக் கூடாது. அதுக்குத்தான இந்தக் கால் மணி நேரம்? எனக்கு வேணாங்க்கா. நீயே வச்சுக்க."

செல்வி அப்படியே நின்றாள். இரைச்சலுக்கு நடுவில் அந்த ஒரு பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்டிருந்தது. இல்லையடி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் உண்மையிலேயே இல்லையா? காலையில் வேனில் யோசித்தபோது, இதைச் செய்தால் இவர்கள் பழையபடி பேசுவார்கள் என்று ஒரு மூலையில் நினைத்தாளா இல்லையா? நினைத்தாள். அதுவும் இருந்தது, மற்றதும் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஃபிரேமுக்கு நகர்ந்தாள்.

அங்கே சுப்புத்தாய். அந்த வரிசையிலேயே மூத்தவள். புருஷன் பக்கவாதத்தில் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. அவரைப் புரட்டிப்போட, தண்ணீர் கொடுக்க என்று ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து, காலையில் வேனில் ஏறும்போதே கண் சொருகியிருக்கும். ஆனாலும் யாரிடமும் ஒரு நாள் அலுத்துக்கொண்டதில்லை. அலுத்துக்கொள்பவர்களை அவளுக்குப் பிடிக்காது.

"போங்க மதினி, செத்த நேரம் காலு கையி நீட்டிட்டு வாங்க."

சுப்புத்தாய் முதலில் மறுத்தாள். பிறகு, "முகத்த மட்டும் கழுவிட்டு வந்துர்றேன் ஆத்தா" என்று போனாள்.

கால் மணி நேரம் ஆனது. அவள் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆனது. வரவில்லை. அந்த ஃபிரேம் அன்றைக்கு என்னவோ சண்டித்தனம் செய்தது. ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் நாலு கதிரில் அறுந்தது. உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டது. செல்வி அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடினாள். வேர்வை கண்ணில் இறங்கியது. யாரையாவது அனுப்பிச் சுப்புத்தாயைக் கூப்பிடச் சொல்லலாம். சாப்பாட்டு அறைக்குப் போய்வந்த ஒருத்தி, இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள். பெஞ்சில் தூங்கிவிட்டாளாம்.

வேலை நேரத்தில் தூங்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். எழுப்பவா என்று அந்தப் பெண் ஜாடையில் கேட்டாள். செல்வி ஒரு கணம் கதவைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டாள்.

அறுந்த இழைகள் பெருகிக்கொண்டே போயின. அப்போது மறுபக்கத்தில் ஒரு கை நீண்டு கடகடவென்று ஒட்டத் தொடங்கியதைப் பார்த்தாள். ஜீவிதா. தன் ஃபிரேமை ஓடவிட்டுவிட்டு, ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்தாற்போல இரண்டுக்கும் ஓடினாள். செல்வியை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

உடையப்பன் வந்துவிட்டார்.

நீலக் கோட்டுக்காரி ஃபிரேமில் நிற்பதைக் கண்டு அவர் புருவம் ஏறியது. "சுப்புத்தாய் எங்க?" என்று கத்தினார்.

"ஒதுங்கப் போயிருக்காங்க சார்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். செல்வியும் ஃபிரேமைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். சாப்பாட்டு அறையில் சுப்புத்தாய் பெஞ்சில் ஒருக்களித்து, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். செருப்பு இரண்டும் பெஞ்சுக்கடியில் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. உடையப்பன் போனை எடுத்துப் படம் பிடித்தார். இப்படி எதைக் கண்டாலும் படம் பிடித்து மேனேஜருக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. கை அதன் பாட்டுக்கு அனுப்பியும் விட்டது.

"சார், சார், அனுப்பாதீங்க. நான்தான் போகச் சொன்னேன். எல்லாரையும் நான்தான் அனுப்பினேன்."

"நீயா? எதுக்கு?"

"இன்னைக்கு எனக்குப் பிறந்தநாளு சார்."

உடையப்பன் கையிலிருந்த போனை ஆட்டினார். "பிறந்தநாளுன்னா ஆரஞ்சு மிட்டாய் குடுப்பாங்க. இப்புடி ஷிப்டையா குடுப்பாங்க? மேனேஜருக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"அதையே சொல்லுங்க சார்."

பேச்சுச் சத்தத்தில் சுப்புத்தாய் விழித்துக்கொண்டாள். உடையப்பனைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள். பதறி எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினாள்.

சாயங்காலம் வேனில் ஏறியதும்தான் அவள் வாய் திறந்தது. "ஏத்தா, எழுப்பச் சொன்னா என்ன? ஒரு ஆள அனுப்ப முடியாதா உன்னால? இம்புட்டு வருசத்துல நான் கண்ணசந்து நின்னேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. இப்ப படம் புடிச்சுட்டான். உனக்குப் பிறந்தநாளு, எனக்கு மானம் போச்சு."

"மதினி, நீங்க அசந்து தூங்குனீங்க. எனக்கு மனசு வரல."

"உன் மனசு யாருக்கு வேணும்?"

சல்மா செல்வியின் கையைப் பிடித்தாள். செல்விக்கு அந்தப் பிடியும் பொறுக்கவில்லை. வேன் நின்றதும் முதல் ஆளாக இறங்கி வேகமாக நடந்தாள். வீட்டில் வினோலியா சொல்பேச்சுக் கேட்காமல் சின்னதாக ஒரு கேக் வாங்கி வைத்திருந்தாள். வெட்டினாள், ஊட்டினார்கள், படம் எடுத்தார்கள். என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். இளவயசுக்காரர், குரல் உயர்த்தாதவர். மேசையில் போன் கிடந்தது. சுப்புத்தாயை ஒரு வாரம் நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்.

"அவங்க மேல தப்பில்ல சார். என்னைய நிப்பாட்டுங்க."

"நீங்க மேஸ்திரி ஆகப்போறவங்க. தூங்குறவங்களக் கண்டுபிடிக்கத்தான் உங்களப் போட்டது. நீங்களே தூங்க வச்சா எப்படிம்மா?"

அந்த அறையில் நாற்காலி இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. செல்வி நீலக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே, "அப்போ அந்த வேல எனக்கு வேணாம் சார். அவங்கள விட்டுருங்க" என்றாள். சொன்னவுடனே முழங்கால் நினைவுக்கு வந்தது. ஒரு நொடியில் எவ்வளவு பெரியதை விட்டுவிட்டோம் என்று திக்கென்றது. சொன்னதைத் திரும்ப வாங்கலாமா என்றுகூட ஓடியது. வாங்கவில்லை.

அதுவரை கதவோரம் நின்ற உடையப்பன் தொண்டையைச் செருமினார். "சார், ஒண்ணு சொல்லணும். கடைசியா அந்த ஒரு ஃபிரேம் சண்டித்தனம் பண்ணுச்சு. அதத் தவிர்த்து, நேத்து அந்த லைன்ல இழை அறுந்தது மத்த நாளவிடக் கொறச்சல்தான். நான் மெஷின் ரீடிங்கப் பாத்தேன். போயிட்டு வந்த பொம்பளைங்க தெம்பா நின்னுருக்காங்க." தன் ஷிப்டுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்பதும் அவர் கவலையில் பாதி. மீதிப் பாதி என்னவென்று அவருக்கே தெரிந்திருக்காது. "இந்தம்மாவ மேஸ்திரியாப் போட வேணாம். ரிலீவராப் போட்டுப் பாக்கலாம். ஃபிரேமுக்கு ஃபிரேம் போயி ஆள விடுறதுக்கு ஒரு ஆளு."

மேனேஜர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்றார். சுப்புத்தாயை எச்சரிக்கையோடு விட்டார். மேஸ்திரி வேலை ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள் ஒருவருக்குப் போனது. செல்வி நீலக் கோட்டை மடித்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டுப் பழைய ஃபிரேமுக்குத் திரும்பினாள். அந்த நாட்களில் அவளுக்கு யார் மேல் கோபம் என்றே தெரியாத ஒரு கோபம் இருந்தது. ராத்திரி முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது, "உனக்கு எதுக்குடி ஊர் வேல?" என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ராயப்பராஜ் எண்ணெயை வாங்கித் தானே தேய்த்துவிடுவார்.

ஜீவிதா மறுபடி வேனில் பக்கத்து இடத்துக்கு வந்தாள். வந்த அன்று, "அன்னைக்கு நான் சொன்னது தப்புன்னு சொல்ல வரலக்கா. தோணுச்சு, சொன்னேன்" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான்டி தோணுச்சு" என்றாள் செல்வி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிள்ளைக்குப் பல் விழுந்த கதை தொடங்கியது.

சுப்புத்தாய் மட்டும் பேசவில்லை. வேனில் ஏறினால் முன்சீட்டு, இறங்கினால் நேராக வீடு. செல்வி இரண்டு முறை வாய் விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். காது கேட்காதவள் மாதிரி போய்விட்டாள்.

ஐப்பசி அடைமழை பிடித்த ஒரு காலையில் உடையப்பன் வந்து, மூன்று மாதம் பார்ப்பது என்று மேனேஜர் சொல்லிவிட்டதாகவும் செல்வி இன்றிலிருந்து ரிலீவர் என்றும் சொன்னார். கோட்டு அதே பச்சைதான். முழங்காலுக்கு ஒரு லாபமும் இல்லை. சொந்த ஃபிரேமை விட இன்னும் அதிக ஓட்டம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு குணம், கைக்குப் பிடிபடுவதற்குள் அடுத்ததற்குப் போக வேண்டும். முதல் நாளே பெண்கள் முறை கேட்டுச் சண்டை போட்டார்கள். தனக்கு எப்போதும் கடைசியில்தான் வருகிறது என்று ஜீவிதா முறைத்தாள். புது மேஸ்திரி கடிகாரத்தைக் காட்டிக் காட்டி அவசரப்படுத்தினார். ஷெட்டின் நாலு மூலையிலிருந்தும் கைகள் அவளைக் கூப்பிட்டன. எந்தப் பக்கம் முதலில் போவதென்று தெரியாமல் நடுவில் நின்று செல்வி திணறினாள். ஆனாலும் அந்தத் திணறல் அவளுக்குப் பிடித்திருந்தது.

சுப்புத்தாய் கையைத் தூக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். முறைப்படி அவளுக்கும் உண்டு. செல்வி தயங்கித் தயங்கிப் போய் அவள் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. வெறுமனே நின்றாள்.

சுப்புத்தாய் ஒரு இழையை ஒட்டினாள். இன்னொன்றை ஒட்டினாள். பிறகு, தலையைத் திருப்பாமலே, முகக்கவசத்தை விலக்கிக்கொண்டு உரக்கச் சொன்னாள்:

"எனக்கு அவசரமில்ல. அங்க சல்மாவப் பாரு, வந்ததுலருந்து காலு மாத்தி மாத்தி நிக்கிறா. மொதல்ல அவள விடு."

"சரி மதினி. அவள விட்டுட்டு வாரேன்" என்று கத்திவிட்டுச் செல்வி சல்மாவை நோக்கி ஓடினாள்.